முறைப்பெண் வழக்கமும் விழித்திரைச் சிரையும்

கண்ணின் உட்புறப் பின்சுவரில் படர்ந்துள்ள ஒளியுணர் படலம் விழித்திரை எனப்படும். தமனி வழியே அதற்கு வரும் குருதி, உயிர்வளியை இழந்தபின் சிறு சிறு சிரைகளில் திரண்டு, பார்வை நரம்பின் நடுவே செல்லும் ஒற்றை மையச் சிரையின் வழியாகக் கண்ணை விட்டு வெளியேறுகிறது. இந்த மையச் சிரையோ, அதில் வந்து சேரும் கிளைச் சிரைகளில் ஒன்றோ அடைபட்டுவிட்டால், குருதி பின்னோக்கித் தேங்கிப் படலத்தில் கசிந்து, பெரும்பாலும் வலியே தெரியாமல், ஒரு கண்ணின் பார்வை திடீரென மங்கிவிடுகிறது. இந்நோய்க்குப் பரம்பரைக் காரணங்கள் உண்டா என்ற கேள்வி ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் எழுந்து, அங்கேயே ஒரு விடையையும் பெற்றது. அந்த விடை கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கும் அதன் மேற்கே எழும் கல்வராயன் மலைக்கும் எவ்வளவு பொருந்தும் என்பதை அறிய மருத்துவ நூல்கள் மட்டும் போதா. யார் எங்கிருந்து வந்து குடியேறினர், யார் யாரை மணந்தனர் என்ற வரலாறும் உடன் வேண்டும்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று மக்களால் பிரித்துச் சொல்லப்படுவது. கோமுகி, மணிமுத்தா ஆகிய ஆறுகள் பிறக்கும் இடம். 1801இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு மாறியபோது கள்ளக்குறிச்சியும் அவர்களிடம் போய்த் தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாயிற்று; 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்கு மாறி, 2019 நவம்பர் 26 முதல் தன் பெயரிலேயே அமைந்த மாவட்டத்தில் இருந்துவருகிறது. மலையின் நிலை நெடுங்காலம் வேறாக இருந்தது. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மரபுப் பெயர்களால் அறியப்பட்ட மூன்று ஜாகீர்தார் குடும்பங்களின் கையில் நிலமும் நீதியும் வரியும் இருந்தன. ஜாகீர் என்பது அரசுக்கு ஒரு தொகை செலுத்திவிட்டு வருவாயைத் தாமே எடுத்துக்கொள்ளும் உரிமை. வெள்ளையராட்சி போய் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆன பின்பே, நீதிமன்ற வழக்குகளெல்லாம் ஓய்ந்து, 1976இல் இந்த ஜாகீர்கள் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தன. கச்சிராயபாளையம் வழியாக மலையேறினால் எட்டக்கூடிய வெள்ளிமலை இன்று தனி வட்டத்தின் தலைமையிடம். சமவெளியின் பள்ளியும் மருத்துவமனையும் மலைக்குப் பிந்தி வந்ததற்கு, பாதையின்மைக்குச் சற்றும் குறையாத காரணம் இந்த ஆட்சிமுறைதான்.

மலையில் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். மலைவாழ்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது, கேரளத்தோடு அதற்குத் தொடர்பில்லை, பேசுவது தமிழே. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் குறித்த தொகுதிகளில் இவர்களுடைய தோற்றக் கதை பதிவாகியுள்ளது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டுவந்த சகோதரர் மூவர் வெவ்வேறு மலைகளை அடைந்து, அங்கங்கே பெண் கொண்டு, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் வழியினராகப் பெருகினர் என்பது அதன் சாரம். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பதில் மலைக்கு மலை கதை மாறுகிறது. கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதன் வடிவம் மரபியலாளர் கண்ணுக்குத் தப்பாது. சில குடும்பங்கள் பெருந்திரளிலிருந்து பிரிந்து ஓரிடத்தில் ஒதுங்கித் தமக்குள்ளேயே மணந்து பெருகினால், அந்தச் சிலரிடம் தற்செயலாக இருந்த மரபணுத் திரிபுகள், நல்லவையும் கெட்டவையும், பின்வந்த முழுக் குடியிலும் மிகுதியாகக் காணப்படும். இதை முன்னோர் விளைவு என்று சொல்லலாம். அண்ணன் தம்பி மூவர் கதையை ஒரு மரபியல் பாடநூலில் எடுத்துக்காட்டாக வைத்தாலும் பொருந்தும்.

திருமண முறையில் மலையும் சமவெளியும் ஒரே இலக்கணத்தையே பின்பற்றின. பெரியப்பன், சித்தப்பன், பெரியம்மா, சின்னம்மா ஆகியோரின் மக்கள் உடன்பிறந்தார் முறை. அவர்களுக்குள் மணம் கூடாது. அத்தை மக்களும் தாய்மாமன் மக்களும் முறைப்பெண், முறைப்பையன். அவர்களுக்குள் மணம் உரிமையே ஆகும். தமிழ்நாட்டின் பல சாதிகளில் அக்காள் மகளை மணப்பதும் இவ்வுரிமைக்குள் அடங்கிற்று. பங்காளிகள் ஒரு பக்கமும் மாமன் மைத்துனர் மறுபக்கமுமாக ஊரே இரண்டாக நிற்கும் இந்த அமைப்பை அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை நூலில் விரிவாக ஆராய்ந்து, அது வட அமெரிக்க இரோகுவா மக்களின் முறையோடு ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார். அவருக்குத் தமிழ் உறவுப்பெயர்களைத் தொகுத்தனுப்பியவர் ஆர்க்காட்டு மறைபணியைச் சேர்ந்த ஸ்கட்டர் குடும்பத்தவர். அதே குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கட்டர் 1900இல் வேலூரில் தொடங்கிய மருத்துவமனையே கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. ஒரு தலைமுறை சொல்லாகச் சேகரித்த வழக்கத்தை, அக்கல்லூரியின் சுந்தர் ராவும் இன்பராஜும் 1970களில் எண்ணாக அளந்தனர் என்பது தமிழக அறிவியல் வரலாற்றின் அழகிய தொடர்ச்சிகளில் ஒன்று. வடார்க்காட்டு ஊரகத்தில் ஏறத்தாழ பாதித் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை என்று கண்ட அவர்கள், கருச்சிதைவும் பிறவிக்குறைகளும் எதிர்பார்த்த அளவுக்கு அக்குடும்பங்களில் மிகுந்திருக்கவில்லை என்றும் கண்டனர். பல நூற்றாண்டுகளாக உறவில் மணந்துவந்த மக்களிடம், இரட்டைப் பிரதியாகச் சேர்ந்தால் உயிர்போக்கும் மரபணுக்கள் அவ்வப்போது வெளிப்பட்டுக் கழிந்து குறைந்திருக்கலாம் என்று எல்.டி. சங்வி 1966இலேயே முன்வைத்திருந்த கருத்துக்கு இது வலுச்சேர்த்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு ஆறுதலான விடையைத் தரவில்லை. எனினும், உறவில் மணந்தால் நோய் வந்தே தீரும் என்று மேடைதோறும் முழங்குவோர் இந்த வேலூர் ஆய்வுகளை ஒருமுறையேனும் படிப்பது நல்லது.

இனி நோயின் வரலாறு. சித்த மருத்துவம் கண்நோய்களை 96 என வகுத்தது. ஆனால் விழித்திரையை உயிருள்ள மனிதனிடம் பார்க்கும் வழி உலகில் எங்குமே அன்று இல்லை. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையை முன்மாதிரியாகக் கொண்டு 1819இல் சென்னையில் கண் மருத்துவமனை (இன்று எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை அதுவே) நிறுவப்பட்டபோதும், அதன் மருத்துவர்களுக்குக் கருவிழிக்குப் பின்னால் இருள் மட்டுமே தெரிந்தது. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுள்நோக்கியைக் கண்டுபிடித்த பின்னரே அந்த இருள் விலகியது. நான்கே ஆண்டுகளில் லீப்ரைக் என்ற ஜெர்மானியர், படலமெங்கும் தீப்பொறி சிதறியதுபோல் குருதி கசிந்திருக்கும் தோற்றத்தை வருணித்து, அதை விழித்திரை வாதம் என்ற பொருளில் பெயரிட்டார். லெபர் 1877இல் கிளைச் சிரை அடைப்பை விவரித்தார்; யூலியஸ் ஃபொன் மிஷேல் 1878இல், மையச் சிரைக்குள் குருதி கட்டியாக உறைவதே இத்தோற்றத்துக்குக் காரணம் என்றார். குருதி உறைவுக்குக் குழாய்ச்சுவரின் கேடு, ஓட்டத்தின் மந்தம், குருதியின் இயல்பு மாற்றம் ஆகிய மூன்றையும் காரணமாகக் காட்டும் கோட்பாட்டுக்கு ஃபிர்ஃகோ 1856இலேயே வழிவகுத்திருந்தார். கண்ணில் இம்மூன்றில் எது முதன்மையானது என்பதே அடுத்த நூற்றாண்டின் வழக்கு.

பஞ்சாபில் பிறந்து, லண்டனிலும் பின்னர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய சோகன் சிங் ஹேரே இவ்வழக்கின் பெரும் ஆளுமை. மையச் சிரை அடைப்பு ஒரே நோயன்று. படலத்தின் குருதியூட்டம் ஓரளவு நிலைத்திருக்கும் மென்வகையும், ஊட்டமே அற்றுப்போகும் கடுவகையும் தனித்தனியானவை என்று நிறுவியவர் அவர். கடுவகையில், ஊட்டமிழந்த படலம் சுரக்கும் ஒரு வளர்ச்சிப் புரதம் தேவையற்ற புதுக் குழாய்களை முளைக்கச் செய்ய, அவை கண்ணீரழுத்தத்தை உயர்த்தி, சுமார் மூன்று மாதங்களில் கண்ணையே பாழாக்கிவிடக்கூடும். கிளைச் சிரையிலோ அடைப்பு பெரும்பாலும் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடத்தில்தான் நேர்கிறது. அவ்விடத்தில் இரண்டும் ஒரே உறைக்குள் இருப்பதால், இரத்த அழுத்தத்தால் தடித்துப்போன தமனி பக்கத்திலுள்ள மெல்லிய சிரையை நசுக்குகிறது. முதுமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கண்ணீரழுத்த நோய் ஆகியவை முதற்காரணங்களாக நிற்பது இதனால்தான். குருதியின் இயல்பு, அதாவது பரம்பரைக்குப் பெரும்பங்கு இருக்கக்கூடிய அந்த மூன்றாம் காரணம், கண்ணைப் பொறுத்தவரை பின்வரிசையிலேயே நிற்கிறது.

அந்தப் பின்வரிசையின் கதை நார்வேயில் தொடங்குகிறது. குருதி அளவுமீறி உறையாமல் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதம் ஒரு குடும்பத்தில் தலைமுறையாகக் குறைந்திருப்பதையும், அவர்களுக்குச் சிரைகளில் உறைகட்டி ஏற்படுவதையும் எகெபெர்க் 1965இல் வெளியிட்டார். இதே காவல்பணி செய்யும் புரதம் சி, புரதம் எஸ் ஆகியவற்றின் பரம்பரைக் குறைகள் 1980களில் தெரியவந்தன. 1993இல் சுவீடனின் டால்பெக், புரதம் சியின் கட்டளைக்கு மசியாத குருதியைக் கண்டார். மறு ஆண்டே நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள், ஐந்தாம் உறைகாரணி என்ற புரதத்தின் 506ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதே காரணம் என்று காட்டினர். இதற்கு லெய்டன் திரிபு என்று பெயர் நிலைத்தது. 1996இல் புரோத்ராம்பின் மரபணுவில் இன்னொரு திரிபும் அதே நகரிலிருந்து வெளிவந்தது. கால்சிரைகளில் ஏற்படும் உறைகட்டிக்கு இவை மெய்யான காரணங்கள் என்பதில் ஐயமில்லை. அதே கையோடு கண்மருத்துவர்களும் தம் நோயாளிகளிடம் இவற்றைத் தேடினர். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, விழித்திரைச் சிரை அடைப்போடு லெய்டன் திரிபுக்கு இருந்த தொடர்பு சிறிதாகவே மிஞ்சியது. பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்தச் செலவுமிக்க சோதனைகள் வேண்டியதில்லை என்று ஹேரே வெளிப்படையாகவே எழுதினார்.

கள்ளக்குறிச்சியில் இச்சோதனைகள் வேண்டியதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லெய்டன் திரிபு உலகில் ஒரே ஒருமுறை, சுமார் 21,000 முதல் 34,000 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பியரின் மூதாதையர் ஒருவரிடம் தோன்றிப் பரவியது என்று ஜிவெலினும் உடன் ஆய்ந்தோரும் 1997இல் கணித்தனர். ஐரோப்பாவில் நூற்றில் நால்வர் ஐவரிடம் இருக்கும் அது, ஆப்பிரிக்கப் பழங்குடிகளிடமும் தென்கிழக்காசியரிடமும் அநேகமாக இல்லை. இந்தியாவில் வடமேற்கிலிருந்து தெற்கே வரவர அரிதாகிறது. புரோத்ராம்பின் திரிபோ இந்தியரிடம் மிக அரிது. ஆகவே, கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் நோயாளியின் குருதியில் லெய்டனைத் தேடுவது, அந்தத் திரிபு நடந்துவராத பாதையில் அதன் காலடித் தடத்தைத் தேடுவதாகும்.

உறவுத் திருமணம் இந்தத் திரிபுகளைப் பெருக்கியிருக்குமா என்றால், அதுவும் இல்லை. லெய்டன் திரிபு ஓங்கு பண்பு. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே விளைவைக் காட்டும். உறவில் மணப்பதால் ஒரு குடியில் ஒரு திரிபின் மொத்தப் பிரதிகள் கூடுவதில்லை. இரண்டு பிரதிகள் ஒரே உடலில் சேரும் வாய்ப்பு மட்டுமே கூடுகிறது. எனவே முறைமணத்தின் தாக்கம் ஒடுங்கு பண்பு நோய்களில்தான், அதாவது இரு பிரதியும் கெட்டால் மட்டுமே வெளிப்படும் நோய்களில்தான், தெரியும். அத்தை மகன், மாமன் மகள் இணையின் குழந்தைக்கு ஏதேனும் ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. மாமன், அக்காள் மகள் இணைக்கு எட்டில் ஒன்று. ஒரு கெட்ட திரிபு நூறு பிரதிகளில் ஒன்றாக ஒரு குடியில் இருந்தால், அயலில் மணப்போரின் குழந்தைகளில் 10,000க்கு ஒருவருக்கு வரும் நோய், அத்தை மாமன் மக்களின் மணத்தில் 10,000க்கு ஏழு பேருக்கு வரும். திரிபு பத்தில் ஒன்று என்ற அளவுக்குப் பரவலாக இருந்தாலோ, இந்த ஏழு மடங்கு ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிடும். முறைமணம் அரிய நோய்களையே வெளிக்கொணரும் என்பதற்கு இக்கணக்கே சான்று.

அப்படியொரு அரிய நோய் ஹோமோசிஸ்டினூரியா. உணவிலுள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் உடலில் ஹோமோசிஸ்டீனாக மாறி, பின்னர் ஒரு நொதியால் கழிக்கப்பட வேண்டும். அந்நொதியின் மரபணு இரு பிரதியும் பழுதானால் ஹோமோசிஸ்டீன் குருதியில் பன்மடங்கு ஏறி, கண்ணின் வில்லை இடம்பெயர்ந்து, இளவயதிலேயே சிரைகளிலும் தமனிகளிலும் உறைகட்டி உண்டாகிறது. 1962இல் வட அயர்லாந்திலும் அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட இந்நோய், உறவுத் திருமணமும் முன்னோர் விளைவும் ஒருங்கே அமைந்த கத்தார் நாட்டில் சுமார் 1,800 பிறப்புக்கு ஒன்று என்ற வியப்பான அளவில் காணப்படுகிறது. நோயுற்றோரில் ஏறத்தாழ பாதிப்பேர் பி6 வைட்டமின் மாத்திரைக்கே இணங்குவர் என்பதால், இதைக் காலத்தில் கண்டறிவதற்குப் பயனும் உண்டு. இதன் மென்மையான வடிவம்தான் கண்சிரை அடைப்போடு பலமுறை இணைத்துப் பேசப்படும் ஹோமோசிஸ்டீன் உயர்வு. எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணுவில் 1995இல் கண்டறியப்பட்ட பொதுவான திரிபை இதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். ஆனால் தென்னிந்தியரிடம் அத்திரிபு ஐரோப்பியரிடம் இருப்பதைவிடக் குறைவு. இங்கே ஹோமோசிஸ்டீனை உயர்த்துவது பெரும்பாலும் பி12 குறைபாடு. அதைத் திருத்த மரபணுச் சோதனை தேவையில்லை, ஊசியும் உணவும் போதும்.

நெருங்கிய உறவில் மணப்பதும், சாதிக்குள்ளேயே மணப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்விடத்தில் பிரித்தறிய வேண்டும். அகமணம் எனப்படும் இரண்டாவது வழக்கம் மரபணு வரலாற்றில் ஆழமான தடத்தைப் பதித்திருக்கிறது. 2017இல் நகட்சுகாவும் உடன் ஆய்ந்தோரும் தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்து, அவற்றில் 81 குழுக்களின் முன்னோர் விளைவு பின்லாந்தியரையும் அஷ்கெனசி யூதரையும் விஞ்சியது என்று வெளியிட்டனர். ஆந்திரத்தின் வைசியரிடையே ஒரு நொதிக்குறை மிகுந்திருப்பதால் அறுவைச் சிகிச்சை மயக்கமருந்து அவர்களில் சிலருக்கு ஆபத்தாவது பழகிப்போன எடுத்துக்காட்டு. அவர்கள் மலைவாசிகளல்லர், எண்ணிக்கையிலும் குறைந்தவரல்லர். மரபணு ஒதுக்கத்துக்கு மலை தேவையில்லை, சாதியே போதும் என்பதால், மலைமக்களின் வழக்கத்தை மட்டும் சுட்டிக்காட்டிப் பேசுவது சமவெளியாரின் மறதி.

விழித்திரைக் குழாய்களை அடைக்கும் பரம்பரை நோய்களில் இந்தியப் பழங்குடிகளோடு உறுதியாகத் தொடர்புடையது ஒன்று உண்டு. அது அரிவாள் செல் சோகை. குருதிச் சிவப்பணு அரிவாள் வடிவில் வளைந்து விழித்திரையின் விளிம்பிலுள்ள நுண்குழாய்களை அடைக்கும் இந்நோயின் திரிபு இந்தியாவில் இருப்பதை 1952இல் லேமனும் கட்புஷ்ஷும் முதலில் கண்டது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். இதுவும் ஒடுங்கு பண்பு. ஒற்றைப் பிரதி உடையோரின் கண்ணுக்கு வழக்கமாகத் தீங்கில்லை. 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் பழங்குடி மக்களில் 40 வயது வரையுள்ளோரைச் சோதிக்க வகுக்கப்பட்டது. மலைமக்கள் மணம் பேசுமுன் தெரிந்துகொள்ளத்தக்க மரபணுச் செய்தி ஒன்று உண்டென்றால், அது லெய்டனைவிட இதுவாகவே இருக்கும்.

பரம்பரை என்று எளிதில் முத்திரை குத்தப்படும் பார்வையிழப்புகளில் பல பரம்பரையே அல்ல. இளம் ஆண்களின் கண்ணில் சிரைகள் அழற்சியுற்று அடைபட்டுக் குருதி கசியும் ஈல்ஸ் நோயை 1880இல் பர்மிங்காமில் விவரித்தார் ஹென்றி ஈல்ஸ். மேலைநாடுகளில் அருகிப்போன அது இந்தியாவில் நீடித்தது. எஸ்.எஸ். பத்ரிநாத் 1978இல் நிறுவிய சங்கர நேத்ராலயாவில் மாதவனும் குழுவினரும் அந்நோயாளிகளின் விழித்திரைச் சவ்வில் காசநோய்க் கிருமியின் மரபுப்பொருளைக் கண்டது, குடும்ப இரத்தத்தைக் குற்றம் சாட்டுமுன் கிருமியைத் தேட வேண்டும் என்பதை உணர்த்தியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்திலிருந்த மெத்தனாலோ, உடலில் ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பையே தாக்கும் நஞ்சு. அங்கே சிரையுமில்லை, மரபணுவுமில்லை.

விழித்திரைச் சிரை அடைப்புக்கு இன்று சிகிச்சை உண்டு. படலம் சுரக்கும் வளர்ச்சிப் புரதத்தைத் தடுக்கும் ரானிபிசுமாப், பெவாசிசுமாப் போன்ற மருந்துகளைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தினால் வீக்கம் வடிகிறது. புதுக்குழாய்கள் முளைத்தால் லேசர் பயன்படுகிறது. ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 2003இல் புதுச்சேரிக்கு வந்தது. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சி தனக்கென அரசு மருத்துவக் கல்லூரியைப் பெற்றது. மலையடிவாரத்தில் ஒரு கண் திடீரென மங்கிய முதியவருக்கு முதலில் வேண்டியவை இரத்த அழுத்தம், சர்க்கரை, கண்ணீரழுத்தம் ஆகிய மூன்று அளவீடுகள். 40 வயதுக்குட்பட்ட ஒருவருக்கோ, இரு கண்ணிலும் அடைப்பு கண்டவருக்கோ, குடும்பத்தில் இளவயது உறைகட்டி நோய் இருந்தவருக்கோ மட்டும் ஹோமோசிஸ்டீனும் ஆன்டித்ராம்பின், புரதம் சி, புரதம் எஸ் அளவுகளும் பார்க்கத்தக்கவை. அவர் பெற்றோர் எந்த முறையில் உறவு என்ற கேள்வியும் அப்போது மருத்துவச் சீட்டில் பதியப்பட வேண்டும். செலவேதுமில்லாத அந்தக் கேள்வி இவ்வட்டாரத்தில் லெய்டன் சோதனையைவிட அதிகம் சொல்லும்.